பத்துச் சொம்புப் பாலம்

வியாழக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு மடத்து முற்றத்தில் நான்காவது பாலம் உடைந்தது. உடைத்தவள் மாரிச்செல்வி.

ஐஸ் குச்சிகளைப் பசை போட்டு ஒட்டிச் செய்த பாலம். ஒரு முழ நீளம். இரண்டு பந்தி மேசைகளுக்கு நடுவே அதை வைத்து, அதன் வயிற்றில் கயிறு கட்டி, கயிற்றில் சாம்பார் வாளியைத் தொங்கவிட்டிருந்தாள். வாளியில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். எட்டாவது சொம்பில் பாலம் இரண்டானது. வாளி விழுந்து முற்றம் நனைந்தது.

செல்வி சாக்கட்டியால் தரையில் எட்டு என்று எழுதினாள். உடைந்த துண்டுகளை மடியில் போட்டுக்கொண்டு, எந்த இடம் விட்டது என்று பார்க்க உட்கார்ந்தாள். மடத்து அடுக்களையில் சமைக்கும் பேச்சியம்மாளின் மகள் அவள். ஏழாம் வகுப்பு.

இதைத் தாழ்வாரத்திலிருந்து இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மடத்தின் தலைவி சிவகாமி அம்மை. வயது நாற்பத்தொன்று. மற்றவர் அவருடைய சீடர் ஆறுமுகநயினார். வயது ஐம்பத்தாறு. சீடரானது மூன்று வருஷத்துக்கு முன்பு. அதற்கு முன் அம்பாசமுத்திரம் தடத்தில் கண்டக்டர்.

ஆறுமுகநயினார் கேட்க வந்ததைக் கேட்டார்.

"அம்மா, இந்த வருஷம் எனக்குத் துவராடை தரணும்."

"வாளி எடுக்கீங்களா?"

நயினாரின் பார்வை முற்றத்தில் கிடந்த வாளிக்குப் போனது.

அந்த மடத்தில் துறவுக்கு உரிய துவராடை கேட்பவர், குருபூஜை அன்று எல்லாப் பந்திக்கும் சாம்பார் வாளி எடுக்க வேண்டும். இடையில் ஆள் மாறக் கூடாது. இது மடத்து வழக்கம். வாளி எடுப்பவரை ஊர்க்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே சீண்டுவார்கள். இது ஊர் வழக்கம். சாம்பாரில் காயைக் காணோம் என்பார்கள். காய் போட்டால், இத்தனை காய் யார் கேட்டது என்பார்கள். அவர் களைக்கட்டும் என்று காத்திருந்து, இரண்டு பந்தி தள்ளி உட்காருகிறவர்களும் உண்டு.

போன வருஷம் குருபூஜை அன்று நயினாருக்குக் காய்ச்சல். அதற்கு முந்தின வருஷம் அவருக்கு மாலை கட்டுகிற வேலை இருந்தது.

"வாளி எடுத்தாத்தானாம்மா?" என்றார் நயினார். "மூணு வருஷமா நந்தவனத்துல இருக்கேன். ஒருத்தரை ஒரு சொல் சொன்னதில்ல. கோபம்னா என்னன்னே மறந்துட்டு. என் மனசு உறுதியாயிட்டுன்னு எனக்கே தெரியுதே. அதை அத்தனை பேர் முன்னால வாளியைத் தூக்கித்தான் காட்டணுமா?"

அம்மை முற்றத்தைப் பார்த்தார்.

"செல்விக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணுமாம். திங்கட்கிழமை அந்தப் பாலம் பள்ளிக்கூடத்துக்குப் போகுது. அதுவரைக்கும் அவ கூட இருங்க. போயிட்டு வரட்டும். பிறகு உங்க விஷயம்."

நயினார் கும்பிட்டுவிட்டு இறங்கினார். பாலம் நின்றால் துவராடை என்று அவர் அதைப் புரிந்துகொண்டார். அம்மை அப்படிச் சொல்லவில்லை.

*

"என்ன போட்டி இது?" என்று செல்வியிடம் கேட்டார்.

"பாலப் போட்டி. எத்தனை லிட்டர் தாங்கும்னு நாமளே முதல்ல போர்டுல எழுதணும். இந்தச் சொம்பு ஒரு லிட்டர். எழுதின அளவு தாங்குனா அதுதான் மார்க். அதுக்கு முன்னால உடைஞ்சா முட்டை."

"அப்ப கம்மியா எழுதிடு."

"கம்மியா எழுதுனா மார்க்கும் கம்மிதான தாத்தா."

"சரி, கூட எழுது."

"கூட எழுதுனா முட்டை."

நயினார் கொஞ்சம் யோசித்தார். "பொல்லாத வாத்தியாரா இருக்காரே."

"நல்ல சார்தான்" என்றாள் செல்வி. "போன வருஷம் நான் பதினஞ்சுன்னு எழுதினேன். ரெண்டுல போயிட்டு. எல்லாரும் ஓன்னு கத்துனாங்க."

"ஏன் போச்சு?"

"ஜிகினாப் பேப்பர் ஒட்டி அழகா வச்சிருந்தேன். கெட்டுப்போயிரும்னு தண்ணி ஊத்திப் பாக்கவே இல்ல. வீட்டுல உடைக்கல. அதனால பள்ளிக்கூடத்துல உடைஞ்சிட்டு."

வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது பாலம் மேசைக்கு வந்தது. செல்வி ஒரு மேசை மேல் மண்டியிட்டு, காதைப் பாலத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நயினார் ஊற்றினார்.

பத்தாவது சொம்பில் அவள் கையைத் தூக்கினாள்.

"கேட்டுச்சா?"

"என்னது?"

"நறுக்குன்னு ஒரு சத்தம். பாலம் பேசுது. போதும்னு சொல்லுது."

"அப்ப நிறுத்திருவோம்."

"இல்ல, ஊத்துங்க. இது உடைச்சுப் பாக்கத்தான்."

பதினொன்றில் உடைந்தது. செல்விக்கு அவ்வளவு மகிழ்ச்சி. தரையில் பேச்சு பத்து, உடைப்பு பதினொன்று என்று எழுதினாள்.

"ஆறாவதும் இதே மாதிரி செஞ்சு காயுது. நாளைக்குச் சத்தம் வர்ற வரைக்கும் ஊத்திப் பாத்துட்டு நிறுத்திருவேன். அதுதான் பள்ளிக்கூடத்துக்கு."

"ஏட்டி, உனக்கு ஏதாவது புத்தி இருக்கா? நல்லா இருக்கிறதை எதுக்கு ஊத்திப் பாக்கணும்? துணி போட்டு மூடி வை. அப்படியே கொண்டு போவோம்."

"போன வருஷமும் துணி போட்டுத்தான் மூடி வச்சேன்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அன்று உச்சிவேளையில் மடத்தில் எல்லோரும் படுத்திருந்தார்கள். நயினார் நந்தவனத்துக்குப் போய், மல்லிகைப் பந்தல் கட்டுகிற கட்டுக்கம்பியில் நான்கு முழம் வெட்டி எடுத்தார். ஆறாவது பாலத்தைக் கவிழ்த்தார். அடிப்பக்கம் இரண்டு ஓரத்திலும் கம்பியை இழுத்து முறுக்கி, அது தெரியாதபடி மேலே குச்சியை வைத்து ஒட்டினார். நல்ல வேலை. கையால் அழுத்திப் பார்த்தார். பாலம் அசையவில்லை.

மாலையில் செல்வி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"கனமா இருக்கே."

"பசை காயல" என்றார் நயினார்.

*

சனிக்கிழமை காலை. பேச்சியம்மாள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அம்மை தாழ்வாரத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

செல்வி மேசை மேல் காதை வைத்தாள். நயினார் ஊற்றினார். பத்து.

"சத்தம் வரல" என்றாள் செல்வி.

"வராது. உறுதியா இருக்கு."

பதினொன்று. பன்னிரண்டு. ஒரு சத்தமும் இல்லை. செல்வியின் முகம் சுருங்கியது.

"நேத்து உள்ளதும் இதுவும் ஒரே மாதிரிதான் தாத்தா. இது ஏன் பேச மாட்டேங்குது?"

"பேசாட்டா நல்லதுதான? போர்டுல பதினஞ்சுன்னு எழுதிப் போடு. ஒரு பய உன் பக்கத்துல நிக்க மாட்டான்."

பதின்மூன்றாவது சொம்பையும் ஊற்றினார். பதினான்காவதை ஊற்றும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மடார் என்றது. பாலத்தின் மேல்பாகம் அப்படியே மடங்கி, குச்சிகள் நாலாப் பக்கமும் தெறித்தன. ஒரு குச்சி செல்வியின் கன்னத்தை உரசிப் போனது. வாளி கல்தரையில் விழுந்து, உருண்டு, நயினாரின் காலில் இடித்தது. இடுப்புக்குக் கீழே நனைந்துபோனார்.

பிறகு அவர் வாயிலிருந்து வந்த குரல் அம்பாசமுத்திரம் தடத்துக் குரல். மூன்று வருஷமாக அந்த மடம் கேட்காதது.

"அறிவு கெட்ட கழுதை! ஒழுங்கா ஒட்டத் தெரியாதா? காலங்காத்தால உயிரை வாங்க வந்துட்டா, பாலம் கட்டுதாளாம் பாலம்! உன்னை எவ மேசை மேல ஏறச் சொன்னது? இறங்கு! இறங்குட்டி கீழ!"

செல்வி இறங்கினாள்.

அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. வேலியில் இருந்த காகம் கூடப் பறந்துவிட்டது. நயினார் தன் கையைப் பார்த்தார். அது வாசலை நோக்கி நீண்டிருந்தது. கண்டக்டர் வேலையில் கடைசியாக அந்தக் கை நீண்டது ஒரு மழை நாளில், பஸ்ஸின் படிக்கட்டை நோக்கி. அவர் இறக்கிவிட்டவர் ஒரு நோயாளி. அன்றைக்குப் பிறகுதான் அவர் மடத்தைத் தேடி வந்தார்.

கையை மெல்ல இறக்கினார்.

செல்வி அதற்குள் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு துண்டைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. திருப்பிப் பார்த்தாள். கம்பி.

"தாத்தா, இது யாரு கட்டுனது?"

நயினார் மேசை விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான்தான்."

"அதான் பேசல."

"உடையக் கூடாதுன்னுதான் கட்டினேன்."

"பேசுனாத்தான தாத்தா நான் நிறுத்துவேன்" என்றாள் செல்வி.

அவளுக்குக் கோபம் இல்லை. பாலம் ஏன் பேசவில்லை என்று தெரிந்துவிட்டதில் ஒரு நிம்மதிதான் இருந்தது. கம்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"திங்கட்கிழமைக்குள்ள இன்னொண்ணு ஒட்டணும். இன்னைக்கே ஒட்டுனாத்தான் காயும். நீங்க குச்சி பொறுக்கித் தாங்க. வளைஞ்சது வேண்டாம்."

"உன்னைத் திட்டிட்டேனே பிள்ள."

"ஆமா, திட்டுனீங்க. எங்கம்மா இன்னும் நல்லாத் திட்டுவாங்க."

அடுக்களையிலிருந்து தேங்காய் துருவுகிற சத்தம் மறுபடி கேட்டது.

நயினார் ஈர வேட்டியோடு தாழ்வாரத்துக்குப் போனார். அம்மை தலையைத் தூக்கவில்லை.

"அம்மா, கோபம் வந்துட்டு."

"கேட்டுச்சு."

"மூணு வருஷமா இல்லன்னு நினைச்சேன்."

அம்மை ஒரு கீரைத் தண்டை ஒடித்து ஒதுக்கினார்.

"இப்ப நான் என்னம்மா செய்ய?"

"குச்சி பொறுக்கச் சொன்னாளே. பொறுக்கியாச்சா?"

*

ஏழாவது பாலத்தை இருவரும் சேர்ந்து ஒட்டினார்கள். அதாவது செல்வி ஒட்டினாள். நயினார் ஒவ்வொரு குச்சியையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, வளைந்ததை ஒதுக்கி, நேரானதை நீட்டினார். அவர் நேர் என்று கொடுத்ததில் பாதியை அவள் திருப்பிக் கொடுத்தாள்.

"இது வளைஞ்சிருக்கு."

"எங்க வளைஞ்சிருக்கு?"

"கண்ணாடி போட்டுப் பாருங்க."

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டார். வளைந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை சோதனை. ஒன்பதாவது சொம்பு வரை ஒன்றும் இல்லை. நயினார் சொம்பை விளிம்பு வரை நிரப்பினார். பத்தாவதை ஊற்றினார். இந்த முறை அவர் காதுக்கும் கேட்டது. நறுக்.

"பேசிட்டு" என்றார்.

"பேசிட்டு" என்றாள் செல்வி. வாளிக்குள் சொம்பை விட்டு, ஊற்றிய தண்ணீரை மொண்டு மொண்டு செடிக்கு ஊற்றினாள்.

"இன்னும் ஒண்ணு தாங்குமோ என்னமோ?" என்று கேட்டார். பழைய ஆசை.

"தாங்குனாலும் தாங்கும். பத்துதான் எழுதுவேன்."

*

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பாலத்தை மடியில் வைத்துக்கொண்டு நயினார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செல்வி. கண்டக்டர் இளைஞன். நயினாரை அடையாளம் தெரிந்துகொண்டு பல்லைக் காட்டினான்.

"என்ன அண்ணாச்சி, சாமியாராயிட்டீங்கன்னாங்க. இப்ப விளையாட்டுச் சாமான் விக்கீங்களா?"

நயினார் காசை நீட்டினார்.

"சில்லறையாத் தாங்க. இல்லன்னா இறக்கி விட்டுருவேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நயினார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்வி அவர் அருகே காதைக் கொண்டு வந்தாள்.

"தாத்தா."

"என்ன?"

"உங்க மூக்குல சத்தம் வருது."

நயினார் மூச்சை நிறுத்திப் பார்த்தார். உண்மைதான். புஸ் புஸ் என்று வந்துகொண்டிருந்தது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாலம் மடியில் குலுங்கியது.

"ஆட்டாதீங்க" என்றாள் செல்வி.

பள்ளிக்கூடத்தில் மொத்தம் ஒன்பது பாலங்கள். கரும்பலகையில் ஒவ்வொருவரும் தங்கள் எண்ணை எழுதினார்கள். ஒருவன் இருபது என்று எழுதினான். அவன் பாலத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்து, இரண்டு பக்கமும் பொம்மைக் கார் நிறுத்தியிருந்தான். அது ஆறில் போனது. கார்கள் வாளிக்குள் விழுந்தன. எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். செல்வி கத்தவில்லை. போன வருஷம் அதே சத்தம் அவளைப் பார்த்து எழுந்தது.

அவள் பத்து என்று எழுதினாள். பின்னால் ஒரு பையன், "போன வருஷம் பதினஞ்சு, இந்த வருஷம் பத்தா? பயந்துட்டாடா" என்றான்.

அறிவியல் ஆசிரியர் ஊற்றினார். எட்டு. ஒன்பது. பத்தாவதில் நறுக் என்றது. வகுப்பில் வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. வாசலில் நின்றிருந்த நயினாரும் மேசை அருகே நின்றிருந்த செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலம் நின்றது.

"பத்து தாங்கிடுச்சு. மார்க் பத்து" என்றார் ஆசிரியர். "இன்னும் ஒண்ணு ஊத்திப் பாக்கட்டுமா? மார்க் குறையாது."

"ஊத்துங்க சார். அடுத்ததுல உடையும்" என்றாள் செல்வி.

ஊற்றினார். உடைந்தது. முதலில் கை தட்டியது செல்விதான்.

முதலிடம் எட்டாம் வகுப்பு ஜெபராணிக்கு. அவள் பன்னிரண்டு எழுதினாள், பன்னிரண்டு தாங்கியது. செல்விக்கு இரண்டாமிடம். பரிசு கொடுத்து முடிந்ததும் செல்வி நேரே அவளிடம் போனாள்.

"அக்கா, வீட்டுல எத்தனை உடைச்சீங்க?"

"ஒம்போது. நீ?"

"ஆறு. அதுல ஒண்ணு கணக்குல வராது."

இருவரும் ஜெபராணியின் பாலத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மணி அடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

*

மாலையில் நயினார் அம்மையின் முன் போய் நின்றார். அம்மைக்குப் பக்கத்தில் சாம்பார் வாளி இருந்தது. கல்தரையில் விழுந்ததில் அதன் ஒரு பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது.

"பாலம் போயிட்டு வந்துட்டும்மா."

"நின்னுச்சா?"

"பத்து வரைக்கும் நின்னுது. பதினொண்ணுல உடைஞ்சுது."

"அழுதாளா?"

"கை தட்டினா."

அம்மை சிரித்தார். பிறகு, "இனி உங்க விஷயம்" என்றார்.

நயினார் காத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை குருபூஜை. அஞ்சு பந்தி. உங்க பேருக்கு நேரா எத்தனைன்னு எழுத?"

அடுக்களையில் செல்வி தன் அம்மாவிடம் பத்தாவது சொம்பின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது இங்கே வரை கேட்டது.

"தெரியலம்மா" என்றார் நயினார்.

அம்மை வாளியை அவர் பக்கம் தள்ளினார்.

"நெளிஞ்சிருக்கு. தட்டி நேராக்கி வையுங்க. சாம்பார் சிந்தாம இருக்கணும்."

*

2017 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை, மடத்தில் குருபூஜை நடந்தது. ஐந்து பந்தி. நான்காம் பந்தியில், இலைக்கு டிக்கெட் கிழிக்கவில்லையா என்று கேட்ட ஒருவரிடம் ஆறுமுகநயினார் குரல் உயர்த்தினார். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வந்தார். அதுவரை வாளியை வேறு யாரும் தொடவில்லை. ஐந்தாம் பந்திக்கும் அவரே வாளி எடுத்தார்.